கரிசல் நிலத்தின் மீளும் நகர்வும் மீளா நகர்வும்: செயற்கைக்கோள் ரேடார் அளவீட்டை ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பொருள்கொள்ளும் முறை

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைக்கோள் ரேடாரின் துணைகொண்டு நிலத்தின் நகர்வை மில்லிமீட்டர் அளவில் கணிக்கும் முறை, இன்றைய புவியளவையியலின் முதன்மையான கருவிகளுள் ஒன்றாகும். இம்முறை தரும் எண்கள், பார்வைக்கு நிலத்தின் தனி இயல்பைக் கூறுவன போலத் தோன்றினும், அவை ஒரு குறிப்புப் புள்ளியையும் ஒரு பார்வைத் திசையையும் ஒரு கால இடைவெளியையும் சார்ந்தே பொருள் தருகின்றன. ஈரத்தால் உப்பி, வறட்சியால் சுருங்கும் கரிசல் மண் பரவிய பகுதிகளில் இச்சார்புகளைக் கருதாது விடின், ஆண்டுதோறும் மீளும் பருவ நகர்வு, மீளாத நிலத்தாழ்வாகப் பிழைபட உணரப்படும். விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, இவ்வளவீட்டின் அடிப்படை, வரம்பு, பொருள்கொள்ளும் ஒழுங்கு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புவியளவையியல், ரேடார் குறுக்கீட்டளவியல், கட்டம், ஓரியல்பு, கரிசல் மண், நிலத்தாழ்வு, பருவ நகர்வு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், கோவில்பட்டி ஆகிய நகரங்களுக்கு அண்மையில் அமைந்துள்ளது ஏழாயிரம்பண்ணை. முன்னாளில் பாளையமாக விளங்கிய இவ்வூர், இன்று பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களாலும் மானாவாரி வேளாண்மையாலும் அறியப்படுகிறது. சுற்றுவட்டாரத்தில் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. கோடையில் இந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வெடிப்புகள் மூடிக்கொள்வதும் இப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் காண்பவை. அதே மண்ணின்மேல் ஆழமற்ற அடித்தளத்துடன் எழுப்பப்பட்ட வீடுகளின் சுவர்களில் விரிசல் விழுவதும் அவர்களுக்குப் புதிதன்று.

இத்தகைய நிலத்தைச் செயற்கைக்கோள் ரேடார் எவ்வாறு காண்கிறது என்னும் வினா, வெறும் தொழில்நுட்ப வினா அன்று. நிலம் தாழ்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம் வெளியாகுமாயின், அது வீட்டின் மதிப்பையும் குடியிருப்போரின் மனநிலையையும் ஆட்சியாளரின் முடிவையும் ஒருங்கே பாதிக்கும். மறுபுறம், எல்லா விரிசலையும் ‘கரிசல் மண்ணின் குணம்’ என்று தள்ளிவிடுவதால், கவனிக்கப்பட வேண்டிய உண்மையான நிலத்தாழ்வு மறைந்துபோகவும் கூடும். ஆகவே மீளும் நகர்வையும் மீளா நகர்வையும் பிரித்தறிதலே இவ்வட்டாரத்தில் ரேடார் அளவீட்டின் முதற்பணி என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. சங்கிலி அளவையிலிருந்து அலை அளவைக்கு

தமிழ்நாட்டு மண்ணுக்கும் புவியளவையியலுக்கும் உள்ள தொடர்பு நீண்டது. இந்தியப் பெருமுக்கோண அளவைக்கு அடிப்படையான முதல் அடிக்கோட்டை, வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையை அடுத்த சமவெளியில் 1802 ஏப்ரல் 10 அன்று அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் பிற பக்கங்களைக் கணித்துவிடலாம் என்னும் எளிய வடிவியலே அப்பணியின் உயிர்நாடி.

அவ்வளவை, புள்ளிகளின் இருப்பிடத்தை அளந்தது. இருப்பிடம் மாறுவதில்லை என்பது அதன் எடுகோள். இன்றைய புவியளவையியல் அவ்வெடுகோளைக் கைவிட்டுவிட்டது. இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நிலநடுக்கத்தால் நிலம் பெயர்கிறது. நிலத்தடி நீர் எடுப்பால் தாழ்கிறது. ஆகவே ‘எங்கே உள்ளது’ என்னும் வினாவோடு ‘எவ்வளவு நகர்ந்தது’ என்னும் வினாவும் இணைந்தது.

நுண்மட்ட அளவையும் ஜிபிஎஸ் நிலையங்களும் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. எனினும், கருவி நிறுவப்பட்ட புள்ளிகளில் மட்டுமே அவ்விடை கிடைக்கும். ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரே பார்வையில் அளக்கும் வாய்ப்பை ரேடார் செயற்கைக்கோள்களே அளித்தன.

1989 ஆம் ஆண்டு ஆண்ட்ரூ கேப்ரியல், ரிச்சர்டு கோல்ட்ஸ்டைன், ஹோவர்டு செப்கர் ஆகிய மூவரும், 1978 இல் ஏவப்பட்ட சீசாட் செயற்கைக்கோளின் பதிவுகளைக் கொண்டு இம்முறையை முதன்முதலில் செயல்விளக்கம் செய்தனர். அவர்கள் தேர்ந்த களம் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கிலுள்ள பாசன வயல்கள். அங்கு அவர்கள் கண்ட நகர்வு, நீரை உறிஞ்சிய மண் உப்பியதால் ஏற்பட்டது எனக் கருதப்பட்டது. நிலநடுக்க ஆய்வால் புகழ்பெற்ற இத்துறை, மண் உப்புதலைக் காண்பதிலிருந்தே தொடங்கியது என்பது கரிசல் வட்டாரத்தை ஆராய்வோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும். 1992 இல் கலிஃபோர்னியாவின் லேண்டர்ஸ் நகரையொட்டி நிகழ்ந்த நிலநடுக்கத்தின் நிலப்பெயர்வை, ஈஆர்எஸ்-1 செயற்கைக்கோளின் பதிவுகளிலிருந்து வரைந்து 1993 இல் மசோனே குழுவினர் வெளியிட்ட பின்னரே இம்முறை உலகளவில் கவனம் பெற்றது.

2. ரேடார் நகர்வை அளக்கும் முறை

ரேடார், தானே நுண்ணலைகளை அனுப்பி, நிலத்திலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் கருவி. எனவே அது இரவிலும் முகில் மூட்டத்திலும் இயங்கும். செயற்கைக்கோளின் ஓட்டத்தையே பயன்படுத்தி, சிறிய அலைவாங்கியைக் கொண்டு மிகப்பெரிய அலைவாங்கியின் நுட்பத்தைப் பெறும் வகை, செயற்கைத் துளை ரேடார் எனப்படும்.

திரும்பி வரும் எதிரொலியில் இரு செய்திகள் உள்ளன. ஒன்று அதன் வலிமை. மற்றொன்று அதன் கட்டம். அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கும்போது திரும்பி வந்தது என்பதைக் கட்டம் குறிக்கும். ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இருவேறு நாட்களில் பதிவு செய்து, இரு கட்டங்களின் வேறுபாட்டைக் கண்டால், அவ்விடைவெளியில் நிலம் செயற்கைக்கோளை நோக்கியோ விலகியோ நகர்ந்த அளவு வெளிப்படும். இதுவே ரேடார் குறுக்கீட்டளவியலின் சாரம்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1ஏ 2014 ஏப்ரல் 3 அன்று ஏவப்பட்டது. ஏறத்தாழ 693 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இது, 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. இதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். அலை நிலத்துக்குச் சென்று திரும்புவதால், நிலம் 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே கட்டம் ஒரு முழுச் சுழற்சி மாறிவிடும். அச்சுழற்சியின் சிறு பகுதியையும் கணிக்க இயலுவதால்தான் மில்லிமீட்டர் நுட்பம் கைகூடுகிறது. இதன் பதிவுகள் கட்டணமின்றி யாவருக்கும் கிடைப்பது, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது.

ஒரு வேறுபாட்டுப் படத்தில் நில நகர்வோடு, வளிமண்டல ஈரப்பதத்தால் அலை தாமதிப்பதும் கலந்திருக்கும். இத்தாமதம் சில சென்டிமீட்டர் நகர்வைப் போலவே தோற்றமளிக்கக்கூடும். இதனைக் களைவதற்காகவே ஒன்றிரண்டு படங்களுக்கு மாறாகப் பல பத்துப் படங்களைத் தொடராக ஆராயும் முறைகள் தோன்றின. மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெரெட்டி, பிராட்டி, ரோக்கா ஆகியோர் 2001 இல் வெளியிட்ட நிலைத்த எதிரொளிர் புள்ளி முறை இவற்றுள் முன்னோடியானது. பல ஆண்டுகள் மாறாது எதிரொலிக்கும் கட்டடம், பாறை போன்ற புள்ளிகளை மட்டும் தேர்ந்து, அவற்றின் நகர்வை இம்முறை தொடர்ந்து பின்பற்றுகிறது.

3. அளவின் மூன்று சார்புகள்

ரேடார் தரும் எண் மூன்று வகையில் சார்புடையது.

முதலாவது, இடச்சார்பு. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியின் நகர்வும், அசையாதது எனக் கொள்ளப்பட்ட ஒரு குறிப்புப் புள்ளியோடு ஒப்பிட்டே கூறப்படுகிறது. இந்தியத் தட்டு நகரும்போது சாத்தூரும் ஏழாயிரம்பண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவில் நகர்வதால், இரண்டுக்கும் இடையே அவ்வேறுபாடு தோன்றாது. அதே வேளையில், குறிப்புப் புள்ளியே கரிசல் மண்ணின்மேல் அமைந்து அசையுமானால், அதன் அசைவு பிற புள்ளிகள் அனைத்தின்மீதும் எதிர்க்குறியுடன் ஏற்றப்படும்.

இரண்டாவது, திசைச்சார்பு. ரேடார் நேர்கீழாக நோக்குவதில்லை, சாய்வாகப் பார்க்கிறது. நிலம் செங்குத்தாக 10 மில்லிமீட்டர் தாழ்ந்தால், நேர்குத்துக் கோட்டிலிருந்து 39 பாகைச் சாய்வில் பார்க்கும் ரேடார் அதனை ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டராகவே காணும். செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்குத் தெற்காகச் செல்வதால், அத்திசையிலான நகர்வு அவற்றின் பார்வைக்கு ஏறக்குறையப் புலப்படாது. செங்குத்து நகர்வையும் கிழக்கு மேற்கு நகர்வையும் பிரித்தறிய, ஏறுபாதை, இறங்குபாதை என்னும் இரு பார்வைகளும் தேவை.

மூன்றாவது, காலச்சார்பு. நகர்வின் விகிதம், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்பதைப் பொறுத்தது. கரிசல் வட்டாரத்தில் மிகுந்த பிழைக்கு இடமளிப்பது இச்சார்பே ஆகும்.

4. எண்கள் பொதுவெளிக்கு வந்த இரு நிகழ்வுகள்

இச்சார்புகள் விளக்கப்படாமல் எண்கள் மட்டும் பரவும்போது நேர்வதை உத்தரகாண்டின் ஜோஷிமட் நிகழ்வு காட்டுகிறது. 2023 ஜனவரியில் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட அறிக்கை, 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான ஏழு மாதங்களில் 8.9 சென்டிமீட்டர் வரையும், 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் ஏறத்தாழ 5.4 சென்டிமீட்டரும் நிலம் தாழ்ந்ததாகக் கூறியது. இவ்விரு எண்களின் உண்மையான பொருள் அவற்றின் ஒப்பீட்டில் இருந்தது. முதல் இடைவெளியில் நாளொன்றுக்குச் சராசரியாக 0.04 சென்டிமீட்டர், இரண்டாம் இடைவெளியில் 0.45 சென்டிமீட்டர். நகர்வு பத்து மடங்குக்கும் மேல் விரைவுற்றது என்பதே எச்சரிக்கை. செய்திகளிலோ 5.4 சென்டிமீட்டர் என்னும் ஒற்றை எண்ணே மிகுதியும் பேசப்பட்டது. ஜனவரி 13 அன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், ஊடகங்களுடன் பேசுவதையும் சமூக ஊடகங்களில் தரவுகளைப் பகிர்வதையும் தவிர்க்குமாறு ஆய்வு நிறுவனங்களை அறிவுறுத்தியது. இஸ்ரோவின் அறிக்கையும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. எண்ணை வெளியிடுவதும் எண்ணை மறைப்பதும் என்னும் இரு எல்லைகளுக்கு நடுவே, எண்ணை விளக்குதல் என்னும் பணி நிறைவேறாமல் போயிற்று.

இரண்டாவது நிகழ்வு தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர் நிதேஷ்நிர்மல் சதாசிவத்தை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 2025 அக்டோபரில் நேச்சர் சஸ்டெயினபிலிட்டி இதழில் ஓர் ஆய்வு வெளியானது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய ஐந்து பெருநகரங்களின் 2015 முதல் 2023 வரையிலான ரேடார் பதிவுகளை அது ஆராய்ந்தது. 878 சதுர கிலோமீட்டர் நிலம் தாழ்ந்து வருவதாகவும், ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தாழ்வுக்கு ஏறத்தாழ 19 லட்சம் மக்கள் ஆட்பட்டுள்ளதாகவும் அது கண்டது. சென்னையில் காணப்பட்ட உச்ச விகிதம் ஆண்டுக்கு 31.7 மில்லிமீட்டர். நிலத்தடி நீரை மிகுதியாக எடுப்பதும், அதனால் வண்டல் அடுக்குகள் இறுகுவதும் முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டன.

இவ்வாய்வின் முறையியலில் இரு கூறுகள் கவனிக்கத்தக்கவை. எட்டாண்டுத் தொடர் பதிவு கையாளப்பட்டதால், பருவ ஏற்ற இறக்கங்கள் நீண்ட காலப் போக்கிலிருந்து பிரிந்து நின்றன. மேலும், நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்பதைவிட, ஒரு கட்டடத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட எவ்வளவு மிகுதியாகத் தாழ்ந்தது என்பதே சேதத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. ஒரு கட்டடம் முழுவதும் சீராகத் தாழ்ந்தால் சுவர் பெரும்பாலும் பிளப்பதில்லை. சீரற்றுத் தாழும்போதே விரிசல் தோன்றும். இவ்விரு கூறுகளும் கரிசல் வட்டாரத்துக்கும் பொருந்துவன. ஆயினும், சென்னையின் வண்டல் நிலத்துக்கு உரிய காரண விளக்கத்தைக் கரிசல் பூமிக்கு அப்படியே பெயர்த்துரைக்க இயலாது.

5. கரிசல் மண்ணின் நகர்வியல்பு

கரிசல் மண்ணில் ஸ்மெக்டைட் வகைக் களிமண் கனிமங்கள் மிகுந்துள்ளன. இவற்றின் படிக அடுக்குகளுக்கிடையே நீர் புகும்போது மண் உப்புகிறது. நீர் வெளியேறும்போது சுருங்குகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய விருதுநகர் மாவட்டத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலம் ஈரம் ஏற்று உயர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வறண்டு தாழ்கிறது. ஆண்டுதோறும் நிகழும் இவ்வுயர்வுதாழ்வே மீளும் நகர்வு.

இந்நகர்வு, மேல்மண்ணில் மிகுதியாகவும் ஆழத்தில் குறைவாகவும் இருக்கும். ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழ் பருவ ஈரப்பத மாற்றம் மிகச் சிறிது என்னும் பொதுக் கருத்தை ஒட்டியே இந்தியக் கட்டுமான நடைமுறைகள் வகுக்கப்பட்டுள்ளன. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண் அடித்தளம், கட்டடத்தின் சுமையை அந்நிலையான ஆழத்துக்கு இறக்கும் நோக்குடையது. இத்தகைய அடித்தளம் அமைந்த கட்டடம் மண்ணோடு சேர்ந்து அசையாது. ஆழமற்ற அடித்தளமுடைய வீடோ மண்ணின் மூச்சோடு ஏறி இறங்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள மண் ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ள, வெளிச்சுவர் ஓரத்து மண் விரைவில் காய்வதால், மூலைகளில் சீரற்ற தாழ்வு ஏற்பட்டு விரிசல் விழுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரு கட்டடங்களை ரேடார் அளந்து, ஒன்று அசைவதாகவும் மற்றொன்று அசையாததாகவும் காட்டினால், அவ்வேறுபாடு நிலத்துடையது ஆகாமல் அடித்தளத்துடையதாக இருக்கலாம். கட்டடத்தின் அடித்தள வகையை அறியாமல் நிலத்தின் நகர்வைத் தீர்மானிக்க இயலாது.

6. பருவ நகர்வு போக்காகத் தோன்றும் பிழை

இப்பிழையின் அளவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் உணரலாம். ஒரு கரிசல் நிலப்புள்ளி, தன் சராசரி மட்டத்திலிருந்து நவம்பர் இறுதியில் 10 மில்லிமீட்டர் உயர்ந்தும், மே இறுதியில் 10 மில்லிமீட்டர் தாழ்ந்தும் ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில் இயங்குவதாகக் கொள்வோம். அதன் நீண்ட காலத் தாழ்வு சுழி.

ஓர் ஆய்வு, நவம்பர் படத்தையும் அடுத்த மே படத்தையும் மட்டும் ஒப்பிட்டால், ஆறு மாதங்களில் 20 மில்லிமீட்டர் தாழ்வு காணும். அதனை ஆண்டு விகிதமாக மாற்றினால் 40 மில்லிமீட்டர். இது சென்னையில் காணப்பட்ட உச்ச விகிதத்தையும் விஞ்சுவது. ஆய்வுக்காலம் ஒன்றரை ஆண்டாயின், முதற்படத்தையும் இறுதிப்படத்தையும் ஒப்பிட்டுப் பெறும் பொய் விகிதம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். ஏழரை ஆண்டாயின் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். நவம்பரையும் நவம்பரையும் ஒப்பிட்டால் சுழி. நிலம் மாறவில்லை, நாட்களின் தேர்வே எண்ணை மாற்றியது. மழை பொய்த்த ஆண்டும் மிகுமழை பெய்த ஆண்டும் கலந்து வரும் உண்மை நிலையில், நவம்பர் ஒப்பீடும் முற்றிலும் பிழையற்றதாகாது. அதனால் நகர்வுத் தொடரை மழையளவுத் தொடரோடு இணைத்துப் படிப்பது இன்றியமையாததாகிறது.

மற்றொரு சிக்கல் கட்டத்தின் சுழற்சியால் வருவது. சென்டினல்-1 இன் 5.6 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அடுத்தடுத்த இரு பதிவுகளுக்கிடையே அருகருகான இரு புள்ளிகளின் நகர்வு வேறுபாடு 1.4 சென்டிமீட்டரைத் தாண்டினால், உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதே ஐயத்துக்கு உரியதாகிவிடும். முதல் கனமழையில் வெடிப்புகள் மூடி மண் உப்பும் நாட்களில் இவ்வையம் எழ வாய்ப்புண்டு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நிசார், ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள எல் பட்டையையும், அதனினும் குறுகிய எஸ் பட்டையையும் கையாள்கிறது. 24 சென்டிமீட்டர் அலையில் அந்த ஐய எல்லை 6 சென்டிமீட்டராக விரிகிறது. நீண்ட அலை செடிகொடிகளை ஊடுருவவும் வல்லது. எனினும், வறண்ட மண்ணுள் அது சிறிது ஆழம் புகுவதால், மண்ணின் ஈரம் மாறுவதே கட்டத்தை மாற்றும். நகர்வினால் வந்த மாற்றத்தையும் ஈரத்தினால் வந்த மாற்றத்தையும் பிரிக்கும் பொறுப்பு ஆய்வாளரிடமே எஞ்சுகிறது.

7. வயலும் வேலை அறையும்: ஓரியல்பின் பரவல்

இரு பதிவுகளுக்கிடையே ஓரிடத்தின் எதிரொலி எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை ஓரியல்பு என்னும் அளவு குறிக்கிறது. ஓரியல்பு குன்றினால் கட்டம் பொருளிழக்கும். உழவு, விதைப்பு, பயிர் வளர்ச்சி, அறுவடை ஆகிய ஒவ்வொன்றும் வயலின் மேற்பரப்பை மாற்றுவதால், பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரி வயல்களில் ஓரியல்பு விரைவில் குலைகிறது. சீமைக்கருவேல் மண்டிய தரிசுகளிலும் இதே நிலைதான். கோடையில் உழாது கிடக்கும் வெற்றுக் கரிசலில் மட்டும் அது ஓரளவு நிலைக்கும். ஆகவே வயலின் நகர்வுப் பதிவு, ஆண்டின் ஒரு பகுதிக்கே கிடைக்கும் குறைப்பதிவாக அமையும்.

மாறாது எதிரொலிப்பவை கட்டடங்களே. பட்டாசுத் தொழிற்கூடங்களின் அறைகள், பாதுகாப்பு இடைவெளி விட்டுத் திறந்தவெளியில் சிறு சிறு அலகுகளாகக் கட்டப்படுபவை. ரேடார் படத்தில் இவை வயற்பரப்பின் நடுவே தனித்தனித் தீவுகளாக அமையும். புள்ளிகள் கிடைக்கின்றன என்பது இதன் நன்மை. அவற்றுக்கிடையே ஓரியல்பற்ற வயல்கள் கிடப்பதால், ஒரு தீவின் கட்டத்தை மற்றொன்றோடு ஐயமின்றி இணைப்பது கடினம் என்பது இதன் குறை.

ஓரியல்பு குலைவதே செய்தியாகும் இடங்களும் உண்டு. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நிகழ்ந்த பெருவெடிப்பின் சேதப் பரவலை, சென்டினல்-1 பதிவுகளின் முன்பின் ஒப்பீட்டால் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் சிங்கப்பூர் புவிக்கூர்நோக்ககமும் வரைபடமாக்கின. பட்டாசு வட்டாரத்துக்கு இம்முறை பயன்படுமா என்னும் வினா இயல்பாகவே எழும். பெய்ரூட்டில் சேதமுற்றது நெருக்கமான நகரம். இங்கோ ஓர் அறை, சென்டினலின் 5 மீட்டருக்கு 20 மீட்டர் என்னும் படப்புள்ளியின் அளவை ஒட்டியது அல்லது அதனினும் சிறியது. சுற்றியுள்ள வயல் உழவினாலும் ஓரியல்பை இழக்கும். ஒரே அடையாளத்துக்கு இரு காரணங்கள் இருக்கையில், களச்சான்றின்றி ஒன்றைத் தேர்வது முறையாகாது. நுண்பகுப்புப் படங்களும் தரைச் செய்தியும் இணைந்தாலன்றி இப்பயன் இங்கு உறுதிப்படாது.

8. வட்டாரத்துக்கு ஏற்ற ஆய்வு ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து, ஏழாயிரம்பண்ணை போன்ற கரிசல் வட்டாரத்தில் பின்பற்றத்தக்க ஆய்வு ஒழுங்கைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) குறிப்புப் புள்ளி, மண்ணின்மேல் அமையாது, வெளித்தெரியும் பாறையின்மீதோ பாறைவரை அடித்தளம் இறங்கிய கட்டுமானத்தின்மீதோ அமைதல் வேண்டும். இயலுமிடத்து, உலோகத்தாலான மூலை எதிரொளிப்பான்களை நிலையான ஆழத்தில் ஊன்றிய தூண்களின்மேல் நிறுவலாம். ஒன்றை ஆழ்தூணின்மேலும் மற்றொன்றை மேல்மண்ணின்மேலும் அருகருகே நிறுவினால், மண்ணின் பருவ நகர்வை அதன் உண்மை அளவில் நேரடியாகப் பெறலாம்.

ஆ) ஆய்வுக்காலம் பல முழு ஆண்டுகளைக் கொண்டதாக இருத்தல் வேண்டும். தொடக்க மாதமும் முடிவு மாதமும் ஒன்றாதல் நலம். ஆண்டுச் சுழற்சியைத் தனிக்கூறாகக் கணித்து நீக்கிய பின்னரே நீண்ட காலப் போக்கைக் கூறுதல் வேண்டும்.

இ) ஒவ்வொரு எதிரொளிர் புள்ளியும் எந்தக் கட்டுமானத்துக்கு உரியது, அதன் அடித்தளம் எத்தகையது, அது கரிசலில் உள்ளதா செவலில் உள்ளதா என்பவற்றைக் களத்தில் சென்று பதிவு செய்தல் வேண்டும். இப்பணியில் உள்ளூர்க் கொத்தனார்களின் அறிவு முதன்மைச் சான்றாகும். எந்தத் தெருவில் எத்தனை அடி தோண்டினால் கெட்டித்தரை தென்படும் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் அறியாது.

ஈ) மழையளவு, மண்ணின் ஈரம், கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றை நகர்வுத் தொடரோடு இணைத்துக் காட்டுதல் வேண்டும். மழையோடு ஏறி வறட்சியோடு இறங்கும் நகர்வு மீளும் வகை. மழை பெய்தும் மீளாது, ஆண்டுக்கு ஆண்டு ஒரே திசையில் தொடர்வது மீளா வகை. கல்குவாரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், மிகுதியான நீரெடுப்பு ஆகியவற்றைக் காரணமாக ஆராயத் தகுந்தது பின்னதே.

உ) முடிவை வெளியிடும்போது, எண்ணுடன் அதன் குறிப்புப் புள்ளி, பார்வைத் திசை, காலம், பிழை எல்லை ஆகிய நான்கையும் தமிழில் விளக்குதல் வேண்டும். ‘நிலம் புதைகிறது’ என்னும் தொடரும் ‘இப்புள்ளி, சாத்தூர்ப் பாறைப் புள்ளியோடு ஒப்பிட, இத்தனை ஆண்டுகளில், ரேடாரின் பார்வைத் திசையில் இவ்வளவு விலகியது’ என்னும் தொடரும் ஒரே எண்ணிலிருந்து பிறக்கக்கூடியவை. முன்னது அச்சத்தைத் தரும். பின்னது சரிபார்க்க இடம் தரும்.

முடிவுரை

லாம்டனின் சங்கிலியிலிருந்து நிசாரின் அலைவரை, புவியளவையியலின் நுட்பம் பன்மடங்கு வளர்ந்துள்ளது. அந்நுட்பம் அளவின் பொருளைத் தானாகத் தருவதில்லை. ரேடார், நிலப்பரப்பிலிருந்து வரும் எதிரொலியின் கட்ட மாற்றத்தை மட்டுமே அறியும். அம்மாற்றம் மண்ணின் உப்புதலால் வந்ததா, அடித்தளத்தின் இறக்கத்தால் வந்ததா, ஆழ்நிலத்தின் தாழ்வால் வந்ததா என்பதை மண்ணியலும் கட்டுமான அறிவும் மழைப்பதிவும் வட்டார மக்களின் அனுபவமும் சேர்ந்தே தீர்மானிக்க இயலும்.

கரிசல் நிலம் இவ்வுண்மையை மிகத் தெளிவாக உணர்த்தும் களம். ஆண்டுதோறும் ஏறி இறங்கும் நிலத்தில் ஆறு மாத ஒப்பீடு, இல்லாத பேரிடரை உருவாக்கிக் காட்டும். ஏறி இறங்குவதே இயல்பு என்னும் பழக்கமோ, மெல்ல நிகழும் உண்மைத் தாழ்வை மறைத்துவிடும். இவ்விரண்டும் வீடு கட்டி வாழ்வோரையே பாதிப்பவை. நிசாரின் பதிவுகளும் திறந்த தரவாக வழங்கப்படும் இக்காலத்தில், தென் மாவட்டப் பல்கலைக்கழகங்களின் புவியியல், குடிசார் பொறியியல் துறைகள் கைகோத்துக் கரிசல் வட்டாரத்துக்கென ஒரு தரைச்சான்று நிலையத்தை அமைப்பது காலத்தின் தேவையாகும். ஒரு பாறைப் புள்ளி, ஒரு மழைமானி, இரண்டு எதிரொளிப்பான்கள், சில ஆண்டுகள் பொறுமை ஆகியவையே அதற்கான தொடக்க முதலீடு. மீளும் நகர்வின் உண்மை அளவு அவ்வாறு நிலைநாட்டப்பட்ட பின்னரே, மீளா நகர்வைப் பற்றிய எந்தக் கூற்றும் இந்நிலத்தில் நம்பகம் பெறும்.